ஒளிமேசை

இருபத்தாறு ஆண்டு ஒளிமேசையில் நின்றவள் நான்.
பால்கண்ணாடிக்குக் கீழே குழல்விளக்கு,
மேலே தோலுரித்த காட் மீன்.
ஊடுருவி வரும் வெளிச்சத்தில்
புழு மட்டும் கறுப்பாய்ச் சுருண்டு கிடக்கும்.
இடுக்கியால் பிடுங்கி வாளியில் போடவேண்டும்.
துண்டுக்கு ஒன்பது நொடி,
பின்னால் நின்று எண்ணுவாள் ஹால்ஃப்ரிட்.

அதனால்
ட்ரோம்சோ மருத்துவமனையில் அந்த இளைஞர்
படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபோதே சொன்னேன்:
"புரிகிறது. இந்த விளக்கு
புழுவைக் காட்டுவதோடு நிற்காது,
கொல்லவும் செய்யும்."
பேனாவை மூடினார்.
"ஏறத்தாழ" என்றார்.

மருந்துக்குப் பழைய இரத்தத்தின் நிறம்.
இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு
ஒன்றுவிட்ட தங்கையாம்.
ஊசிவழி ஏறி எல்லா வீட்டுக்கும் போகிறாள்.
நல்ல செல்கள் வாசல்வரை வந்து
வழியனுப்பிவிடுகின்றன.
தொண்டைக்குச் சற்றுக் கீழே
ரொட்டியை மறிக்கிற அந்தக் கட்டிதான்
போகாதே இரு என்று
கையைப் பிடித்து உட்காரவைக்கிறது.
இரண்டு நாள் விட்டுவைத்தார்கள்.
நன்றாக உபசரிக்கட்டும் என்று.

மூன்றாம் நாள் வாய்வழியே ஒரு கண்ணாடி நார்.
நீளத்தூண்டிலின் கிளைநரம்பு அளவுதான்.
சூடில்லாத சிவப்பு வெளிச்சம்,
பன்னிரண்டரை நிமிடம்.
கழுத்துக்குழி உள்ளிருந்து சிவந்ததாம்,
குடத்திலிட்ட விளக்கு
குடத்தை மீறிக் கசிந்ததுபோல.
செவிலி ரிஸ்தென் பிறகு சொன்னாள்.
நான் மயக்கத்தில் இருந்தேன்.

ஒளி மருந்தைத் தட்டுகிறது.
மருந்து வாங்கியதை வைத்துக்கொள்ளாமல்
பக்கத்தில் நிற்கும் ஆக்சிஜனிடம் கொடுத்துவிடுகிறது.
நான் மூச்சில் இழுத்த அதே ஆக்சிஜன்,
சாதுவாய் இருந்தது,
அதற்கு வெறி பிடிக்கிறது.
நொடியைப் பத்து லட்சமாய் நறுக்கினால்
ஓரிரு துணுக்குதான் அதன் ஆயுள்.
ஒரு செல்லைக் குறுக்கே கடக்கவும் போதாது.
பிறந்த வீட்டைத் தவிர
வேறெதையும் கொளுத்த நேரமில்லை.

இதெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது.
மார்புக்குள் கொதிகல் விழுங்கியதுபோல
ஆறு நாள் எச்சில்கூட இறங்கவில்லை
என்பதையும் எழுதிவைக்கிறேன்.

வீடு திரும்பியது ஜூனில்.
போட்ஸ்ஃபியோர்டில் சூரியன் படுக்கைக்கே போகாத மாதம்,
நள்ளிரவில் பிள்ளைகள் பந்தடிக்கிற மாதம்.
மருந்தின் மிச்சம் இன்னும் தோலில் இருந்தது.
ஜன்னல்களில் அலுமினியத்தாள் ஒட்டி
கம்பளி அடித்தான் ஓட்வார்.
சாவித்துவாரத்தில் பஞ்சு.
கட்டிலடியில் எலிபோல் இருந்தேன்.

நான்காம் நாள் ரிஸ்தென் தொலைபேசியில் கத்தினாள்:
"கும்மிருட்டா? யார் சொன்னது?
சின்ன விளக்கொன்று போடுங்கள்.
மங்கல் வெளிச்சத்தில்தான் மிச்ச மருந்து
கொஞ்சங்கொஞ்சமாய் வெளுக்கும்.
இருட்டில் வைத்தால்
அப்படியே காத்திருக்கும்."

நாற்பது வாட் பல்பின் கீழ்
காலுறை பின்னினேன், அவிழ்த்தேன், பின்னினேன்.
ஒருநாள் மீன்பையோடு வந்த ஓட்வார்
கதவைச் சாத்த மறந்தான்.
மணிக்கட்டில் மூன்று விரல் அகல வெயில்.
சமையலறையில் அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க
நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
கையை இழுக்கவில்லை.
ஏன் என்று அவன் கேட்டான்.
அழகாயிருந்தது என்றேன்.
இரவு அந்த இடம் வீங்கிக் கொப்புளித்தது.
சூரியனுக்கு என் மணிக்கட்டும் கட்டியும் ஒன்றுதான்.

முப்பது நாள் கழித்துச் சோதனை.
காகிதப்பையில் ஓட்டை போட்டு
மற்றக் கையை நுழைத்து
முற்றத்து வெயிலில் பத்து நிமிடம் நீட்டவேண்டும்.

நீட்டினேன்.
ஓட்டைக்குள் வட்டமாய் என் தோல்,
தோலுக்குள் நீல நரம்பு.
இடுக்கி இல்லாத விரல்கள் தாமாகக் குவிந்தன.
ஒன்பது நொடிவரை எண்ணினேன், பழக்கம்.
கறுப்பாய் ஒன்றும் தெரியவில்லை.
இந்த மேசையில் தெரியவும் தெரியாது.

மறுநாளும் தோல் சிவக்கவில்லை.
ரொட்டி இறங்குகிறது, மேலோட்டைக்கூட நனைக்காமல்.
மீதியை செப்டம்பரில் பார்க்கலாம்
என்று எழுதியிருக்கிறார்
ஏறத்தாழ மருத்துவர்.